மூச்சின் பாரம்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனையை நோக்கித் தெற்கே செல்லும் பெருவீதியில், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் மட்டக்களப்பு வாவியும் நெருங்க, நடுவே எஞ்சிய ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த பெரியகல்லாற்றில், காற்றுக்குப் பஞ்சம் உண்டு என்று யாரேனும் சொன்னால் அதனை நம்புவது அரிது. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து உலர்ந்து வீசும் கச்சானும், மார்கழியில் மழையைச் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வரும் வாடையும், பிற்பகல்தோறும் கடலிலிருந்து எழும் குளிர்ந்த காற்றும் அந்த ஊரின் தென்னைகளை ஓயவிடுவதில்லை. அத்தகைய ஊரிலேதான், விறாந்தையில் இட்ட கதிரையில், இரு முழங்கைகளையும் தொடைமேல் ஊன்றி, தோள்களை உயர்த்தி, முன்னே சரிந்தவண்ணம், ஒரு வசனத்தை ஒரே மூச்சிற் சொல்லி முடிக்க மாட்டாமல், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று நின்று பேசும் முதியவர்களை நாம் காண்கின்றோம். என்ன வருத்தம் என்று கேட்டால் "முட்டு" என்பார்கள். அவர்களுடைய கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதியிருப்பது நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்பதாகும்.

அவர்கள் இருக்கும் அந்த இருக்கையை எவரும் கற்றுக்கொடுத்ததில்லை. கைகளை ஊன்றித் தோள்களை நிலைநிறுத்திக்கொண்டால், சாதாரணமாகக் கையை அசைக்கும் மார்புத் தசைகள், ஊன்றிய கை அசையாதபடியால், விலா எலும்புகளைத் தூக்கும் வேலைக்குத் திரும்புகின்றன; முன்னே சரிந்தால், வயிற்றின் உள்ளுறுப்புக்கள் பிரிமென்றகட்டைக் கீழிருந்து மேலே தள்ளி, தட்டையாகிப் போன அத்தசைக்குத் தன் வளைவிற் சிறிதை மீட்டுக் கொடுக்கின்றன. உடற்றொழிலியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் இந்தத் தத்துவத்தை, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு மீனவர் தம் சரீரத்தின் அவஸ்தையிலிருந்தே கண்டுபிடித்துக்கொள்கிறார். நோயாளி தாமாகக் கண்டறிந்த நிவாரணங்களை மதித்து, அவற்றின் காரணத்தை அறிந்து, அவற்றோடு மேலும் சிலவற்றைச் சேர்த்துக் கொடுப்பதே நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்னும் கலையின் பெரும்பகுதி என்பது என் அபிப்பிராயம்.

நோயின் காரணங்களைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. பீடியும் சுருட்டும் சிகரெட்டும் ஆண்களிற் பலரை இந்நிலைக்குக் கொண்டுவந்தன. புகைத்தறியாத பெண்களும் இதே நோய்க்கு ஆளாவதற்கு அடுப்புப் புகையே முக்கிய காரணம். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன என்பதையும், 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது கைவிட்ட விறகடுப்புக்குப் பலர் மீண்டும் திரும்ப நேர்ந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பொச்சும் மட்டையும் பச்சை விறகும் புகையும் தாழ்ந்த குசினியில், ஊதுகுழலுடன் குனிந்து நாற்பது ஆண்டுகள் சமைத்த ஒருத்தியின் சுவாசப்பை, தினந்தோறும் புகைத்த ஒருவருடைய சுவாசப்பையைப் போலவே சிதைந்திருக்கலாம். முன்னாளில் வந்து மாறிய காசநோய் விட்டுச்சென்ற தழும்புகளும் சிலருக்குக் காரணமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 ஆம் ஆண்டில் இந்நோயினால் இறந்தோர் சுமார் 35 இலட்சம் பேர். எழுபது வயதை எட்டுமுன் இதனால் இறப்போரில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேர் நம்முடையதைப் போன்ற, குறைந்த அல்லது நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஆரோக்கியமான சுவாசப்பைகளில் முப்பது கோடிக்கும் ஐம்பது கோடிக்கும் இடைப்பட்ட காற்றுச் சிற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்கள் வாயுக்களைப் பரிமாறுவதோடு நிற்பதில்லை. கூடாரத்தை நாற்புறமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் போல, தமக்கு நடுவே செல்லும் நுண்ணிய மூச்சுக்குழாய்களை இழுத்துத் திறந்து வைத்திருப்பதும் அவையே. 1816 ஆம் ஆண்டில் இதயத்துடிப்பு மானியை ஆக்கிய பிரெஞ்சு வைத்தியர் லெனெக், 1819 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், இச்சுவர்கள் அழிந்து சிற்றறைகள் ஒன்றோடொன்று கலந்து விரிந்து கிடந்த சுவாசப்பைகளை வருணித்தார். மார்பைத் திறந்த பின்னரும் அவை சுருங்காது காற்று நிறைந்தே இருந்ததைக் கண்டார். சுவர் அழிந்தால் குழாயை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. ஆகவே, உட்செல்லும்போது ஒருவாறு வழி கண்ட காற்று, வெளிவரும்போது குழாய் ஒட்டிக்கொள்வதனால் உள்ளேயே சிறைப்படுகின்றது. மூச்சு முட்டுபவருக்குக் காற்று உள்ளே போகவில்லை என்று அருகிலிருப்போர் எண்ணுகின்றனர். உண்மையில் அவருடைய மார்பு பழைய காற்றினால் நிறைந்திருப்பதனாலேயே புதிய காற்றுக்கு அங்கே இடமில்லாமற் போகின்றது.

இதனை வாசகர் தாமே உணர்ந்து பார்க்கலாம். மார்பு நிறைய மூச்சை உள்ளிழுத்து, அதனை வெளியே விடாமல், அந்த நிறைவின்மேலேயே சிறிதளவு விட்டும் சிறிதளவு இழுத்தும் ஒரு நிமிடம் சுவாசித்து, அப்படியே விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்ப்பாராக. முப்பது விநாடிகளுக்குள் தோன்றும் அந்தப் பதற்றமே, கிணற்றடிவரை சென்று மீளும் நோயாளி நாள்தோறும் அனுபவிப்பது. வாசகர் விரும்பியபோது அதனை நிறுத்திவிடலாம், நோயாளியால் இயலாது. அவர் வேகமாக நடக்க முயன்றால் சுவாசமும் வேகமாகின்றது. சுவாசம் வேகமானால் வெளிவிடுவதற்கான அவகாசம் குறைகின்றது. அவகாசம் குறைந்தால் இன்னும் அதிகமான காற்று உள்ளே தேங்குகின்றது.

மூளை இட்ட கட்டளையின் அளவுக்கு மார்பு அசையவில்லை என்னும் செய்தி, தசைகளிலிருந்தும் சுவாசப்பையிலிருந்தும் மூளைக்குத் திரும்பி வரும்போது, கட்டளைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையேயுள்ள அந்த வித்தியாசமே மூச்சு முட்டுதல் என்னும் உணர்ச்சியாகின்றது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வுணர்ச்சி எழும்போது மூளையில் விழித்தெழும் பகுதிகள், நோவையும் அச்சத்தையும் உணரும்போது தொழிற்படும் பகுதிகளோடு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. எனவேதான், சுவாசத்தை அளப்பதற்கு ஊதும் கருவியிற் பெற்ற எண்கள் ஒரேவிதமாக இருக்கும் இருவரில், ஒருவர் சந்தைக்குப் போய்வர, மற்றவர் படுக்கையை விட்டு இறங்க அஞ்சுகிறார். அச்சம் சுவாசத்தை விரைவாக்குகின்றது, விரைந்த சுவாசம் முட்டை அதிகமாக்குகின்றது, முட்டுக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தவரின் கால்தசைகள் மெலிந்து, மெலிந்த கால்கள் சிறு நடைக்கே அதிக ஒட்சிசனைக் கேட்கின்றன. சிதைந்த சிற்றறைகளைத் திரும்பக் கட்டித்தரும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் இந்தச் சுழற்சியை மூன்று நான்கு இடங்களில் வெட்டலாம். சுவாசப்பையைத் திருத்த முடியாது என்பதனால் மூச்சு முட்டையும் தணிக்க முடியாது என்று முடிவுகட்டுவது, வைத்தியர்களும் குடும்பத்தாரும் சேர்ந்தே செய்யும் பெருந்தவறு.

இத்தவறின் வேர், நோயின் போக்கை நாம் சரியாக விளங்கிக்கொள்ளாமையில் இருக்கின்றது. புற்றுநோயாளி பெரும்பாலும் பல மாதங்கள் ஓரளவு நன்றாக இருந்து, பின்பு கடைசிச் சில வாரங்களில் விரைந்து வீழ்கிறார். அந்த வீழ்ச்சியைக் கண்டு, அந்தியகாலம் சமீபித்துவிட்டதென்று எல்லாரும் உணர்கின்றனர். நாட்பட்ட சுவாச நோயாளியின் பாதை அப்படிப்பட்டதன்று. மழைக்காலத்திற் சளி பிடித்துத் திடீரென்று முட்டு ஏறி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து, இம்முறை தப்பமாட்டார் என்று உறவினர் கூடியிருக்கும்போதே எழுந்து வீடு திரும்புகிறார். ஆனால் முன்னிருந்த நிலைக்குச் சற்றுக் கீழேயே திரும்புகிறார். அடுத்த ஆண்டும் அவ்வாறே. அதற்கடுத்த ஆண்டு, முன்பு பலமுறை வந்ததைப் போன்றே தோன்றும் ஒரு தாக்குதலில் இறந்துபோகிறார். எது கடைசித் தாக்குதல் என்று எந்த வைத்தியராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அதனால், கடைசிக் காலம் வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்று காத்திருப்பவர்கள் காத்திருந்தே காலத்தைத் தவறவிடுகின்றனர்.

2000 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கோர் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், முற்றிய சுவாச அடைப்பு நோயாளர் ஐம்பது பேரையும் அறுவைக்கு இடமற்ற சுவாசப்பைப் புற்றுநோயாளர் ஐம்பது பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். கவலையினாலோ மனச்சோர்வினாலோ பீடிக்கப்பட்டோர் முதல் கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், இரண்டாவதில் ஐம்பத்திரண்டு பேர். அன்றாட வாழ்வின் தரத்திலும் சுவாச நோயாளரே பின்தங்கியிருந்தனர். அப்படியிருந்தும், புற்றுநோயாளரில் நூற்றுக்கு முப்பது பேருக்கு நோய்த்தணிப்பு நிபுணரின் உதவி கிடைத்திருக்க, சுவாச நோயாளரில் ஒருவருக்கேனும் அது கிடைக்கவில்லை. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கின்றது. ஏனெனில் அது செல்வம் மிக்க, இந்தக் கலை தோன்றிய தேசத்தைப் பற்றியது.

தாதியாகவும் பின்பு சமூகப் பணியாளராகவும் இருந்து, இறப்போரின் துயரைத் தணிக்கவேண்டுமென்ற விருப்பத்தினாலேயே வைத்தியமும் கற்றுத் தேர்ந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், 1967 ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவியபோது, சரீரத்தின் நோவு, மனத்தின் நோவு, குடும்பத்தைப் பற்றிய ஏக்கம், ஆன்மாவின் கலக்கம் ஆகிய யாவும் ஒரே துன்பத்தின் பல முகங்கள் என்று போதித்தார். அவருடைய நோயாளரிற் பெரும்பாலோர் புற்றுநோயாளராக இருந்தமையால், இப்பராமரிப்பும் நெடுங்காலம் அந்நோயோடே பிணைந்து நின்றது. 2014 ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை, வாழ்நாள் முழுதும் நீளும் மருத்துவ சேவையின் ஓர் அங்கமாக இதனை வளர்க்குமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இலங்கையும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கென நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. திட்டம் காகிதத்திலிருந்து வாவிக்கரை வீட்டுக்கு வந்து சேர்வதற்கு ஒரு கருத்து மாற்றம் வேண்டும்: இவருக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கேள்வியை விடுத்து, இவருக்கு இன்று எவ்வளவு துன்பம் என்ற கேள்வியைக் கேட்கப் பழகவேண்டும். மூச்சு முட்டினால் உடையை மாற்றிக்கொள்ளவும் இயலாத ஒருவருக்கு, அவர் இன்னும் ஐந்து ஆண்டுகள் வாழ்வாரென்றாலும், உதவி இன்றே தொடங்கவேண்டும்; மருந்தை உள்ளிழுக்கும் பம்பும் கிளினிக் மருந்தும் நிறுத்தப்படாமல் அவற்றோடு கூடவே தொடங்கவேண்டும்.

அவ்வுதவிகளில் மிக எளியது விசிறி. இரவிலே முட்டு ஏறும்போது, "மூச்சு விடேலாமக் கிடக்கு புள்ள, அந்த விசிறிய எடு" என்று பனையோலை விசிறியைக் கேட்கும் முதியவரை, வெறும் புழுக்கத்துக்காகக் கேட்கிறார் என்று எண்ணலாகாது. 2010 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐம்பது நோயாளரைக்கொண்டு செய்த பரிசோதனையில், கையிற் பிடிக்கும் சிறு விசிறியின் காற்றை ஐந்து நிமிடம் முகத்திலும், வேறொரு முறை ஐந்து நிமிடம் காலிலும் படச் செய்தனர். முகத்திற் பட்டபோது மூச்சு முட்டு தெளிவாகத் தணிந்தது, காலிற் பட்டபோது அவ்வாறு தணியவில்லை. கன்னத்திலும் மூக்கின் இருமருங்கிலும் மேலுதட்டிலும் பரந்திருக்கும் நரம்பின் கிளைகள் குளிர்ந்த காற்றோட்டத்தை உணர்ந்து, காற்று வந்துகொண்டிருக்கின்றது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புவதனால், மூளை தன் கட்டளையின் கடுமையைச் சற்றுத் தளர்த்துகின்றது போலும். ஆகவே விசிறும் முறையிலும் கவனம் வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் விசிறாமல், முகத்துக்கு ஒரு முழத்துக்குள் பிடித்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நேராக, அவசரமின்றி விசிறவேண்டும். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு விசிறினால் குளிர்ச்சி கூடும். நோயாளி தாமே பிடித்து விசிறினாற் கை களைத்துவிடும்; ஆதலால் பற்றரியில் இயங்கும் சிறு மின்விசிறி ஒன்று தலையணையடியில் இருப்பது நன்று. அது தன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது என்ற நினைப்பே நோயாளியின் பயத்திற் பாதியைக் குறைக்கின்றது.

ஒட்சிசனைப் பற்றி நம்மவரிடையே இருக்கும் நம்பிக்கை ஆழமானது. ஆனால் முழுவதும் சரியானதன்று. இரத்தத்தில் ஒட்சிசன் மிகவும் குறைந்து போனவர்கள், நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் அதனைச் சுவாசித்தால் ஆயுள் நீளும் என்பதை 1980 இல் வட அமெரிக்காவிலும் 1981 இல் பிரித்தானியாவிலும் வெளியான இரு ஆய்வுகள் நிலைநாட்டின. அவ்வளவு குறையாதவர்களுக்கு அதனால் அந்த நன்மை இல்லையென்பதை 2016 ஆம் ஆண்டில் 738 பேரைக்கொண்ட ஆய்வு காட்டியது. இவற்றினும் வியக்கத்தக்கது 2010 ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு. இரத்த ஒட்சிசன் அபாயமான அளவுக்குக் குறையாத, ஆயினும் மூச்சு முட்டினால் வருந்திய 239 நோயாளரைத் தெரிந்து, அவர்களிற் பாதிப் பேருக்குக் குழாய் மூலம் ஒட்சிசனையும் மறுபாதியினருக்கு அதே குழாய் மூலம் சாதாரணக் காற்றையும், எது எதுவென்று அவர்கள் அறியாதவாறு, ஏழு நாள் கொடுத்தனர். இரு சாராருக்கும் முட்டு தணிந்தது. ஆனால் ஒரேயளவிலேயே தணிந்தது. மூக்கினூடே காற்று அசைந்து செல்வதே அவர்களுக்கு உதவியதென்றால், விசிறியின் மகிமை மேலும் விளங்குகின்றது அல்லவா?

இது வெறும் ஆராய்ச்சிச் செய்தியன்று. வீட்டில் வைக்கும் ஒட்சிசன் மெஷின் சுமார் 300 வாற்று மின்சாரத்தை உண்கின்றது. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் இயக்கினால் மாதத்துக்கு ஏறக்குறைய 135 அலகுகள் ஆகும். கடலிலே தொழில் செய்யும் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து அதனை வாங்கி, மின்கட்டணத்துக்குக் கடன்பட்டு, 2022 ஆம் ஆண்டிற் போல நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றால் என் செய்வதென்று கலங்குமுன், இந்த நோயாளிக்கு உண்மையில் அது வேண்டியதுதானா என்று இரத்தத்தை அளந்து பார்த்துச் சொல்லும் கடமை வைத்தியருக்கு உண்டு. வேண்டியவருக்கும் அளவு மீறலாகாது. 2010 ஆம் ஆண்டில் தாஸ்மேனியாவில், அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றப்பட்ட 405 நோயாளரை ஆராய்ந்தபோது, தாராளமாக ஒட்சிசன் பெற்றவர்களைவிட, இரத்த ஒட்சிசன் 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிற்குமாறு அளந்து பெற்றவர்களிடையே இறப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. மிகுந்த ஒட்சிசன் இவர்களிற் சிலருடைய இரத்தத்தில் காபனீரொட்சைட்டைத் தேங்கச் செய்து மயக்கத்துக்கும் மரணத்துக்கும் இட்டுச் செல்லும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தவுடன் வரும் சுவசெரிய வண்டியின் ஊழியரிடம், "இவருக்கு அளவோடு குடுங்க, 92க்கு மேல போகப்படாது எண்டு டொக்டர் எழுதியிருக்கார்" என்று கிளினிக் கொப்பியைக் காட்டிச் சொல்லத் தெரிந்த மகன், அந்த இரவில் தகப்பனுக்கு ஓர் உயிர் கொடுத்தவனாகலாம்.

மோர்பின் என்ற பெயரைக் கேட்டால், இனி முடிந்தது என்று எண்ணிக் குடும்பத்தார் திகைக்கின்றனர். மூச்சு முட்டைத் தணிக்க அதனைச் சிறிய அளவில் வாய்வழி கொடுக்கலாமா என்ற ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்துவருகின்றது. 2003 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் 48 பேருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தபோது முட்டும் தணிந்தது, உறக்கமும் வந்தது. 2022 ஆம் ஆண்டில் அதே நாட்டில் 156 சுவாச அடைப்பு நோயாளருக்கு 8 அல்லது 16 மில்லிகிராம் கொடுத்துச் செய்த மேலும் கண்டிப்பான பரிசோதனையிலோ, ஒரு வார முடிவிற் போலி மாத்திரையை விஞ்சிய பயன் தெரியவில்லை. ஆகவே, நடமாடித் திரியும் நோயாளர் எல்லாருக்கும் அதனை வழக்கமாகக் கொடுக்க நியாயம் போதாது. ஆயினும், மற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பின்னும் இருந்த இடத்திலேயே தவிப்பவருக்கும், இறுதி நாட்களில் இருப்பவருக்கும், மிகச் சிறிய அளவில் தொடங்கி, மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்த்து, கவனத்தோடு கொடுப்பது கருணை மிக்க வைத்தியமாகும். அம்மருந்து கிடைப்பதில் உலகம் எவ்வளவு அநீதியாக நடக்கின்றது என்பதை 2017 ஆம் ஆண்டின் லான்செட் ஆணைக்குழு வெளிப்படுத்தியது: ஆண்டுதோறும் உலகுக்குப் பகிரப்பட்ட 298.5 தொன் மோர்பின் இன மருந்தில், மிக வறிய நாடுகளுக்குச் சென்றது ஒரு தொன்னிற் பத்திலொரு பங்கு மாத்திரமே.

மருந்தும் கருவியும் இல்லாமற் செய்யத்தக்கவை இன்னும் பல. உதடுகளைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் மெல்ல ஊதிவிட்டால், குழாய்கள் ஒட்டிக்கொள்வது தாமதமாகி, தேங்கிய காற்றிற் கொஞ்சம் வெளியேறும். கிணற்றில் அள்ளிக் குளிப்பவர் வாங்கொன்றில் இருந்துகொண்டு குளிக்கலாம். குனிந்து தலை துவட்டும் சிரமத்தைத் தவிர்த்து ஒரு துவாயைப் போர்த்துக்கொண்டு சற்று இருக்கலாம். வயிறு நிறைந்தால் பிரிமென்றகடு இறங்க இடமின்றிப் போவதால், மத்தியானத்தில் ஒரு பெரிய சோற்றுக்கோப்பையைக் காலி செய்வதிலும், நாலைந்து தடவையாகச் சிறிது சிறிதாக, மீனும் முட்டையும் பருப்பும் சேர்த்து உண்பதே இவர்களுக்கு ஏற்றது. மெலிந்து போகும் சுவாச நோயாளிக்கு ஆகாரமும் மருந்தே. நடை நிற்கலாகாது; படலைவரை நடந்து, இளைத்து, நின்று, ஆறி, மீண்டும் நடப்பதனால் இளைப்பு ஆபத்தானதன்று என்பதைச் சரீரமும் மனமும் சேர்ந்து கற்கின்றன. இவற்றையெல்லாம் ஒருங்கே சொல்லிக்கொடுக்கும் சேவையொன்றை இலண்டனில் 105 நோயாளரிடம் சோதித்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் தம் முட்டைத் தாமே ஆளும் வல்லமை பெற்றனர் என்பதோடு நில்லாமல், ஆறு மாத முடிவில் உயிருடன் இருந்தோர் அச்சேவை பெற்றோருள் 94 சதவீதமும் பெறாதோருள் 75 சதவீதமும் என்று கண்டது. உயிரை நீட்டும் நோக்கமின்றித் துன்பத்தைத் தணிக்க மாத்திரம் செய்த காரியம் உயிரையும் நீட்டியது. அந்த ஆதாயம் புற்றுநோயல்லாத சுவாச நோயாளரிடமே காணப்பட்டது.

பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். அடுத்த முறை முட்டு கடுமையானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் செயற்கைச் சுவாசக் கருவியிற் பொருத்தவேண்டுமா, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையோடு நிறுத்திக்கொள்வதா, வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா என்ற கேள்விகளை, தொண்டை அடைத்து வியர்த்துக் கிடக்கும் இரவில் மருமகனிடம் கேட்பது நீதியன்று. அவர் விறாந்தையில் இருந்து தேநீர் குடிக்கும் நல்ல நாளொன்றில், அவரிடமே கேட்கவேண்டும். "மாமா, போனமுறை ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, எது உங்களுக்கு ஆகலும் கஷ்டமா இருந்தது?" என்று தொடங்கினால் பெரும்பாலோர் தாமாகவே மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். வருத்தத்தின் உண்மையைச் சொன்னால் அவர் மனமுடைந்து போவார் என்று குடும்பத்தார் மறைப்பதும், குடும்பத்தார் வருந்துவர் என்று அவர் மறைப்பதுமாக, ஒரே கூரையின்கீழ் இரு தனிமைகள் வளர்வதை நாம் காண்கின்றோம்.

இந்தப் பிரதேசத்தின் வழமையில், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும், முதிர்ந்த தாய் தந்தையர் அந்த மகளின் நிழலிலேயே அந்திமக் காலத்தைக் கழிப்பதும் பெரிதும் காணப்படும் முறையாகும். அது நோயாளிக்கு ஒரு பாக்கியம். மகளுக்கோ பெரும் பாரம். இரவிலே மூன்று முறை எழுந்து விசிறுபவளும், பம்பை அழுத்திப் பிடிப்பவளும், விடிந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவளும் ஒருத்தியே. அவளுக்குத் துணையாக அரசாங்கத்தின் கை எவ்வளவு தூரம் நீளுகின்றது? 1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிய நாள்தொட்டு, இந்நாட்டில் கர்ப்பிணியையும் குழந்தையையும் நாடி மருத்துவமாது வீட்டுக்கு வருகின்றாள். நம் தாய்மாரும் சிசுக்களும் பிழைத்ததற்கு அந்தப் படலை தட்டும் ஓசை ஒரு முக்கிய காரணம். வாழ்வின் மறுமுனையில் நிற்பவரின் படலையைத் தட்ட அத்தகைய ஒருவர் இல்லாதிருப்பது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகின்றது.

அது இயலாத காரியமன்று என்பதைக் கேரளம் காட்டியிருக்கின்றது. 1993 ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில், வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் மற்றும் சிலரும் சேர்ந்து தொடங்கிய சிறு சிகிச்சை நிலையம், ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் இல்லத்தரசிகளும் தொண்டராகப் பயிற்சி பெற்று அயலவரின் வீடுகளுக்குச் செல்லும் பெரும் இயக்கமாக வளர்ந்தது. 2008 ஆம் ஆண்டில் மாநில அரசே அதற்கெனக் கொள்கையொன்றை வெளியிட்டு, உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் தாதியர் வீடு தேடிச் செல்லும் ஏற்பாட்டைச் செய்தது. புற்றுநோயாளர் மாத்திரமன்றி, பாரிசவாதத்தாற் படுத்தவரும் சுவாச நோயாளரும் முதுமையால் ஒடுங்கியவரும் அதிற் சேர்க்கப்பட்டனர். கோவிற் சபைகளும் தேவாலயச் சபைகளும் மாதர் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் நெருங்கி வாழும் நம் கரையோர ஊர்களில், சுனாமி வந்த 2004 ஆம் ஆண்டின் மார்கழி 26 இலும் அதன் பின்னரும் அயலவரை அயலவர் தூக்கிச் சுமந்ததை அறிந்த எவரும், இங்கே தொண்டருக்குப் பஞ்சம் வரும் என்று சொல்ல மாட்டார்.

கடைசி மணித்தியாலங்களில் சுவாசம் ஒழுங்கு தவறும். தொண்டையிற் சளி கறகறக்கும். அவ்வோசை கேட்போரை வருத்துவது போல், நினைவு மங்கிய நோயாளியை வருத்துவதில்லை என்பதை மகளுக்கு முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும். ஒருக்களித்துக் கிடத்தி, வாயை ஈரப்படுத்தி, யன்னலைத் திறந்து, விசிறியை நிறுத்தாமல் அருகிலிருந்தாற் போதும் என்றும் சொல்லவேண்டும். அவரை இழந்து முப்பத்தோராம் நாட் கிரியையும் முடிந்து உறவினர் கலைந்த பின்னர் ஒருமுறை தாதியோ தொண்டரோ அந்த வீட்டுக்குப் போகவேண்டும். உறக்கம் வருகின்றதா, சாப்பாடு இறங்குகின்றதா, தான் ஏதோ செய்யத் தவறிவிட்டதாக மனத்தைப் போட்டு வாட்டுகிறாளா என்று மகளிடம் விசாரிக்கவேண்டும். அவளும் அதே குசினியில், அதே விறகுப் புகையில் இருபது ஆண்டுகள் சமைத்தவள். இருமல் இருக்கின்றதா என்று கேட்டு, அவளையும் கிளினிக்குக்கு அழைத்துப்போய் அந்தக் கருவியில் ஊதச் சொல்லி அளந்து பார்க்கவேண்டும்.